ஹெட்லைற் மங்கினால் பல்ப்பை மட்டும் குறை சொல்லாதீர்கள்

கல்முனையிலிருந்து கண்டிக்குக் குடும்பத்தோடு போகிறீர்கள். மஹியங்கனையை அடையுமுன்பே இருட்டிவிடுகிறது. உங்கள் பழைய காரின் வெளிச்சம் பாதையில் மஞ்சளாய் விழுகிறது. விளக்கில்லாத சைக்கிள்காரர் ஒருவர் 20 யார் தூரத்தில்தான் கண்ணில் படுகிறார். பிரேக்கை மிதிக்கிறீர்கள், பின்னால் தூங்கிய பிள்ளைகள் அலறி எழுகிறார்கள்.

மறுநாள் நம்மில் பலர் செய்வது 100 வாற்ஸ் பல்ப் வாங்கிப் போடுவதுதான். நானும் போட்டேன். கொஞ்ச நாளில் பல்ப் ஹோல்டர் உருகிப்போனது. சுவிட்ச்சிலும் கருகிய வாடை!

பல பழைய கார்களில் ஹெட்லைற்றுக்கான மின்சாரம் முழுவதும் மெல்லிய வயர் வழியாக ஸ்டியரிங் அருகிலுள்ள சுவிட்ச்சுக்குப் போய்த்தான் முன்னால் வருகிறது. 55 வாற்ஸ் டிம் பல்ப் இரண்டும் சேர்ந்தே சுமார் 9 அம்பியர் இழுக்கும். தேய்ந்த சுவிட்ச், துருப்பிடித்த எர்த் எல்லாம் வழியில் ஆளுக்குக் கொஞ்சம் தின்றுவிடுகின்றன. வோல்ற்றளவு 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும்.

ஒரு மல்டிமீற்றரை இரவல் வாங்குங்கள். எஞ்சினை ஓடவிட்டு, லைற்றையும் போட்டுவிட்டு, பற்றரியில் அளந்து பாருங்கள். 14 வோல்ற்றுக்குக் கிட்ட இருக்க வேண்டும். 13க்கும் கீழே என்றால் முதலில் பெல்ற்றையும் ஓல்டர்னேற்றரையும் கவனியுங்கள். பற்றரியில் சரியாக இருந்தால், பல்ப் எரிந்துகொண்டிருக்கும்போதே அதன் பின்பக்க முனைகளில் அளவுங்கள். அங்கே 12தான் என்றால் 2 வோல்ற் வழியில் தொலைந்திருக்கிறது.

அடுத்து எர்த். பற்றரியின் நெகடிவுக்கும் பல்ப்பின் எர்த் முனைக்கும் இடையில் அரை வோல்ற் காட்டினாலே அது கெட்ட எர்த். பொடியில் அது பூட்டப்பட்ட இடத்தைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிப் பூட்டிக் கிறீஸ் பூசுங்கள். சில கார்களுக்கு இந்தச் செலவில்லாத வைத்தியமே போதும்.

போதவில்லையா? டிம்முக்கு ஒன்று, பிரைற்றுக்கு ஒன்றாக இரண்டு ரிலே பூட்டச் சொல்லுங்கள். பற்றரியிலிருந்து தடித்த வயர் நேரே ரிலேக்கு வரவேண்டும். பற்றரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் கட்டாயம். பழைய வயர் ரிலேயை இயக்கினால் போதும், சுவிட்ச்சும் பிழைத்துக்கொள்ளும். பழக்கமில்லாதவர்கள் நல்ல வயரிங் பாஸிடம் விடுவதே புத்தி.

ஹெட்லைற்றின் உள்ளே வெள்ளிப்பூச்சு கறுத்திருந்தால் மேற்சொன்ன எதுவும் பெரிதாக உதவாது. தேய்த்தால் பூச்சே கழன்று வரும், மாற்றத்தான் வேண்டும். ஹெலஜன் பல்ப் மாற்றும்போது கண்ணாடியை வெறும் விரலால் தொடாதீர்கள். எண்ணெய் பட்ட இடம் சூடேறி பல்ப் சீக்கிரம் போய்விடும்.

வெளிச்சம் கூடிய பின் ஒரு சுவருக்கு முன்னால் காரை நிறுத்தி, அது விழும் உயரத்தைச் சரிபாருங்கள். பின் ஆசனத்தில் ஆட்களும் டிக்கியில் மூட்டைகளும் ஏறினால் முன்பக்கம் உயர்ந்து எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். ஆகையால் வழக்கமாக ஏற்றும் பாரத்தோடுதான் இதைச் செய்ய வேண்டும்.