கிறிஸ்துமஸ் கால ஈகையும் திருவண்ணாமலையும்

கிறிஸ்துமஸ் கால ஈகை என்பது, டிசம்பர் 25 அன்று கொண்டாடப்படும் இயேசு பிறப்பு விழாவையும் அதற்கு முந்தைய வாரங்களையும் ஒட்டி, உணவு, உடை, பணம், நேரம் ஆகியவற்றைப் பிறருடன் பகிர்ந்துகொள்ளும் வழக்கமாகும். தமிழ் நாட்காட்டியில் இக்காலம் கார்த்திகையின் பிற்பகுதியிலும் மார்கழியிலும் அமைகிறது. திருவண்ணாமலையில் கார்த்திகை தீபமும் ரமண ஜெயந்தியும் இதையொட்டியே வருகின்றன. ஆகவே இரண்டு சமய மரபுகளின் ஈகை முறைகளை அந்நகரில் அருகருகே காண முடிகிறது.

கிறிஸ்தவ மரபில் ஈகை

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை உள்ளடக்கிய காலம் திருவருகைக் காலம் எனப்படுகிறது. இது வழிபாட்டுக்கும் தருமத்துக்கும் உரிய ஆயத்தக் காலம். கிறிஸ்துமஸ் தாத்தா உருவத்துக்கு மூலமானவர் 4ஆம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியிலுள்ள மீரா நகரின் ஆயராக இருந்த புனித நிக்கோலாஸ். ஓர் ஏழைத் தந்தையின் மூன்று பெண்களுடைய திருமணத்துக்காக, இரவில் யாரும் அறியாமல் அவர் வீட்டுக்குள் பணமுடிப்பைப் போட்டார் என்பது அவரைப் பற்றிய மரபுக்கதை. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியக் கூடாது என்னும் மத்தேயு நற்செய்தியின் போதனையும் இதையே வலியுறுத்துகிறது. கொடுப்பவரின் புகழைவிடப் பெறுபவரின் மதிப்பு முக்கியம் என்பதே இதன் உட்பொருள்.

தமிழ்க் கிறிஸ்தவர் வீடுகளில் இவ்வழக்கம் எளிய வடிவம் பெற்றுள்ளது. முறுக்கு, அதிரசம், கேக் போன்ற பலகாரங்கள் அக்கம்பக்கத்து வீடுகளுக்குச் சமய வேறுபாடின்றிக் கொடுக்கப்படுகின்றன. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அந்த வீடுகளிலிருந்து பலகாரம் திரும்பி வருகிறது. திருச்சபைகள் ஆதரவற்றோர் இல்லங்களுக்கு உணவும் துணியும் அளிப்பதுண்டு.

திருவண்ணாமலைப் பகுதியில் டேனிஷ் மிஷனின் பணியும், அதிலிருந்து வளர்ந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபையும் கல்விப்பணி மூலம் அறியப்பட்டவை. நகரிலுள்ள டேனிஷ் மிஷன் பள்ளி அதன் அடையாளம். கத்தோலிக்கர் வேலூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

ரமணாசிரமத்தின் நடைமுறை

ரமண மகரிஷி 1879 டிசம்பர் 30 அன்று பிறந்தார். 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலைக்கு வந்தார். தொடக்க ஆண்டுகளில் அவரும் உடனிருந்தோரும் ஊரார் இட்ட பிச்சை உணவிலேயே வாழ்ந்தனர். 1916இல் அவருடைய தாயார் அழகம்மாள் வந்து தங்கிய பிறகே ஸ்கந்தாசிரமத்தில் சமையல் தொடங்கியது. 1922இல் தாயார் மறைந்தபின் அவருடைய சமாதியைச் சுற்றி இன்றைய ஆசிரமம் உருவானது.

ரமணர் விடியற்காலையில் தாமே காய்கறி நறுக்கிச் சமையலில் ஈடுபட்டார். பந்தியில் தமக்கென்று தனியாக எதையும் பரிமாற அவர் இசையவில்லை. சாதுக்களுக்கும் ஏழைகளுக்கும் ஆசிரமத்தில் நாள்தோறும் உணவு வழங்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. ஒருகாலத்தில் பிச்சை ஏற்று உண்டவரின் பெயரால் அமைந்த இடத்தில் இது நடைபெறுவது கவனிக்கத்தக்கது.

1924 ஜூன் 26 இரவு ஆசிரமத்தில் திருடர்கள் புகுந்து ரமணரையும் தாக்கினர். பதிலுக்கு அடிக்கப் புறப்பட்ட அன்பர்களை அவர் தடுத்தார். இருப்பதை எடுத்துக்கொள்ளும்படி திருடர்களிடம் சொன்னார். அன்பு காட்டுவது நல்லவர்களோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இந்நிகழ்ச்சி எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது.

கோயிலும் கிரிவலப் பாதையும்

தமிழ்நாடு அரசு 2002இல் கோயில்களில் அன்னதானத் திட்டத்தைத் தொடங்கியது. அருணாசலேஸ்வரர் கோயிலில் 2022 டிசம்பர் இறுதியில் நாள் முழுவதும் அன்னதானம் வழங்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. மலையைச் சுற்றிய சுமார் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையிலும் தீப நாளிலும் பௌர்ணமி நாள்களிலும் தனியார் பலர் அன்னதானம் செய்கின்றனர். தீபத் திருவிழாவின்போது அன்னதானம் செய்வோர் முன் அனுமதி பெற வேண்டும். பிளாஸ்டிக்கைத் தவிர்க்க வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் விதிகள் வகுக்கிறது. பல லட்சம் பேர் கூடும் இடத்தில் கெட்டுப்போன உணவும் குப்பையும் தருமத்தையே தீங்காக மாற்றிவிடும் என்பதே இதற்குக் காரணம்.

பண்டிகை ஈகையின் குறை

விழா நாளில் தேவைக்கு மேல் உணவு குவியலாம். அடுத்த வாரமே அதே மனிதர் பசியோடு இருக்கலாம். கிறிஸ்துமஸுக்கும் தீபத்துக்கும் இது பொதுவான குறை. இதற்கு மாற்றாக அமைந்தது, வள்ளலார் 1867 மே 23 அன்று வடலூரில் தொடங்கிய சத்திய தருமச்சாலை. அங்கு பசித்து வருவோருக்கு நாள்தோறும் உணவு அளிக்கப்படுகிறது. அதன் அடுப்பு அணையாமல் காக்கப்படுகிறது.

மாணவர்களும் இளைஞர்களும் இக்காலத்தில் பின்பற்றத்தக்க சில வழிகள்:

- கொடுக்கும் முன் என்ன தேவை என்று கேட்டறிதல். டிசம்பர் இரவில் வெளியே உறங்குபவருக்கு உணவுப் பொட்டலத்தைவிடப் போர்வை பயன்படலாம்.
- பெறுபவரைப் படமெடுத்துப் பகிராதிருத்தல்.
- கிழிந்த துணி, மீந்த உணவு ஆகியவற்றைத் தானமாகக் கருதாதிருத்தல்.
- தனித்து வாழும் முதியவர்களைச் சந்தித்துப் பேசுதல்.
- ஒரே நாளில் செலவிடும் தொகையைப் பிரித்து, மாதந்தோறும் சிறிதளவு கொடுத்தல்.

திருக்குறள் விருந்தோம்பலையும் ஈகையையும் தனித்தனி அதிகாரங்களாக வைத்துப் பேசுகிறது. பசித்தவரையும் விருந்தினராக நடத்தும்போது அவ்விரண்டும் ஒன்றாகின்றன. கிறிஸ்துமஸ் காலம் அதைத் தொடங்குவதற்கு ஏற்ற காலம். தை பிறந்த பின்னும் அது தொடர வேண்டும்.