கூரைமேற் காயும் வெயில்

மன்னார்த் தீவிலே வெயிலுக்குப் பஞ்சமில்லை. அதனை மின்சாரமாக்கும் தகடுகளைக் கூரையிற் பரப்பினால் இலாபமுண்டோ என்பதே பலரது வினா.

ஒரு கிலோவாற்றுத் தகடுகள் மாதம் ஏறத்தாழ 100 அலகு மின்சாரம் தரும். நம் நாட்டிலோ, கூடுதலாகச் செலவழிப்போர் அலகுக்கும் கூடுதல் விலை கொடுக்கின்றனர். ஆகவே குளிரூட்டி ஓடும் வீட்டிற்கே பெரும் இலாபம். இரண்டு விளக்கும் ஒரு விசிறியுமுள்ள வீட்டார் கடன்பட்டுத் தகடு போடுவது வட்டிக்கு உழைப்பதாகும்.

2016ஆம் ஆண்டுத் திட்டத்தில் மிகுதி மின்சாரத்தை முதல் 7 ஆண்டுகள் அலகு 22 ரூபாவுக்கும், அடுத்த 13 ஆண்டுகள் 15.50 ரூபாவுக்கும் மின்சார சபை வாங்க உடன்பட்டது. பின்வந்தோர்க்கு விலை பலமுறை மாறிற்று. அயல்வீட்டார் பெறும் தொகையைக் கொண்டு கணக்கிடாதீர்கள். மேலும், 2025 ஏப்ரிலில் புத்தாண்டு விடுமுறையின்போது தேவை குறையவே, கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்கும்படி சபை வேண்டிற்று.

விற்பனையாளர் வாய்திறவாத செலவு ஒன்றுண்டு. அதுதான் உப்பு! கடற்காற்று இரும்புச் சட்டத்தையும் ஆணியையும் அரித்துவிடும். அலுமினியச் சட்டமும் துருவேறா உருக்கு ஆணியும் கேட்டு வாங்குங்கள். உப்பும் மணலும் படிந்த தகடு சோர்ந்துபோம். உவர்க் கிணற்று நீராற் கழுவினால் காய்ந்தபின் மீண்டும் உப்பே மிஞ்சும். மாரியிற் சேமித்த நீரே நன்று. முற்றத்துப் பனையின் நிழல் ஒரு தகட்டில் விழுந்தாலும் தொடரிலுள்ள ஏனையவும் தளரக்கூடும். அதற்காகப் பனையைத் தறிக்க நாம் சொல்லோம், தகட்டைத் தள்ளிப் போடுங்கள்.

தகடு இருபது ஆண்டுக்கு மேலும் உழைக்கும். நேர்மின்னை வீட்டு மின்னாக மாற்றும் கருவியோ பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு ஆண்டில் ஓய்ந்துவிடும். புதியதற்கான பணத்தை மாதந்தோறும் கட்டணத்தில் மீந்ததிலிருந்தே எடுத்துவையுங்கள்.