காவற்பெட்டியின் மறுபணி

கள்வரை அறிவிப்பதற்கென அமைந்த அலாரப் பெட்டியைக் காவலுக்கன்றி வீட்டு வேலைகளுக்கு மட்டுமே பயன்படுத்தலாகுமோ என்று நண்பர் சிலர் எம்மை வினவினர். தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு மின்கம்பியோடு என்ன உறவு என நகைப்பாரும் உளர். எனினும், பழனிமலைத் தொடரில் பெருமாள்மலையிலுள்ள எம் பாட்டனார் இல்லத்தில் கண்டறிந்ததை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

கொடைக்கானலில் 1845-ஆம் ஆண்டில் அமெரிக்க மதுரை மிஷனார் முதல் இல்லங்களைக் கட்டினர். அன்றுதொட்டு அம்மலையில் கோடையில் திறந்து ஏனைய மாதங்களில் பூட்டியிருக்கும் வீடுகள் பல. ஆதலின் ஆளில்லா வீட்டிற்கு அலாரம் வேண்டுமென்னும் எண்ணம் ஆங்கு இயல்பாகவே எழுகின்றது. எம் பாட்டனாரும் சில திங்கள் மதுரையில் தங்குபவராதலின் அத்தகைய பெட்டி ஒன்றை அமைத்தார்.

அப்பெட்டி காவல் புரிந்த கதை துயரமானது. காற்றில் கதவு அசைந்தால் மணி. சாளரத்திரை ஆடினால் மணி. முதல்நாள் இரவில் அயலார் அனைவரும் கைவிளக்கும் தடியுமாய் ஓடிவந்தனர். இரண்டாம் முறை இருவர் வந்தனர். மூன்றாம் முறை எவரும் வந்திலர். மறுநாள் ஒருவர், "ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள், இனி உங்கள் மணி அடித்தால் நாங்கள் எழுந்திருக்கமாட்டோம்" என்று கூறிச் சென்றார். 'புலி வருது' கதையை நாம் அனைவரும் அறிவோம். பாட்டனார் அன்றே ஏணியில் ஏறி மணியின் கம்பிகளைக் கழற்றிவிட்டார். பெட்டி மட்டும் பச்சை விளக்கு எரியச் சுவரில் வாளாவிருந்தது.

வத்தலக்குண்டில் மின்வேலை செய்யும் எம் தாய்மாமன் அதனைக் கண்டு, "இதற்கு வாய்தான் போயிற்று, கண் போகவில்லை" என்றார். அவ்வுரையின் பொருளை இனி விளக்குவோம்.

1853-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் நாட்டினரான அகஸ்டஸ் போப் என்பார் மின்சாரக் களவுமணிக்கு உரிமம் பெற்றார். கதவு திறந்தால் மின்சுற்று மூடி மணியடிக்கும். இதுவே அவர்தம் அமைப்பு. எட்வின் ஹோம்ஸ் என்பார் 1857-இல் அவ்வுரிமத்தை வாங்கி அதனை ஒரு வாணிகமாக வளர்த்தார். ஆயினும் அவ்வகைச் சுற்றில் கம்பி அறுந்தால் மணி ஊமையாகும். இக்காலப் பெட்டியோ இதற்கு மாறானது. கதவில் ஒரு காந்தமும், நிலையில் கண்ணாடிக் குழலுள் அமைந்த இரு மெல்லிய தகடுகளும் உள. கதவு மூடியிருக்கையில் தகடுகள் ஒட்டி மின்னோட்டம் இடையறாது ஓடும். சுற்றின் கடைமுனையில் ஒரு மின்தடை வைப்பர். ஒரு நிறுவனத்தார் 5600 ஓம் வைப்பர், மற்றொருவர் 2000 ஓம் வைப்பர். அத்தடை தெரியும் வரை அமைதி. சுற்று அறுந்தால் கதவு திறந்தது அல்லது கம்பி வெட்டுண்டது. தடையே இன்றிக் குறுக்கே இணைந்தால் அதுவும் கோளாறு. இங்ஙனம் பெட்டி தன் கம்பியையும் தானே காத்துக்கொள்கின்றது.

பலரும் அறியாதது ஒன்றுண்டு. காவல் நிலையில் வைக்காதபோதும் பெட்டி உறங்குவதில்லை. எக்கதவு திறந்துளது, எவ்வறையில் ஆள் நடமாட்டம் உளது என்பதனை அது எப்பொழுதும் அறிந்தேயிருக்கும்; கூவாதிருக்கும், அவ்வளவே. மேலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று அதனுள் இருக்கும். பெட்டியும் சென்சார்களும் கால் ஆம்பியர் இழுத்தால், கணக்கின்படி 28 மணிநேரம் தாங்கும். பழைய பேட்டரியாயின் குறையும். 2018 நவம்பரில் கஜா புயல் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்ததைக் கண்ட மலைவாழ்நர்க்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

எம் மாமன் செய்தவை இவை. மணிக்குரிய முனைகளில் பெட்டியின் கையேடு கூறும் மின்தடையை இட்டார். இன்றேல் மணியைக் காணோமென்று பெட்டி ஓயாது முறையிடும். எந்த வழியிலிருந்தும் அலாரம் எழாதபடி நிரலை மாற்றினார். பெட்டி அறிவதைப் படிக்கச் சிறு கணினி ஒன்றை இணைத்து, 2013-இல் தோன்றிய 'ஹோம் அசிஸ்டன்ட்' என்னும் இலவச மென்பொருளை அதில் அமைத்தார். அது வெளியிணையம் அற்ற நாளிலும் வீட்டினுள்ளே இயங்கும். பெட்டியின் வெளியீட்டு முனை மிகச் சிறு மின்னோட்டமே தருவதாகலின், அதனைக் கொண்டு ஒரு ரிலேயை இயக்கி, அந்த ரிலேயால் மோட்டாரின் கான்டாக்டரை இயக்கினார். 230 வோல்ட் கம்பியைப் பெட்டியினுள் நுழையவிடலாகாது. மேல்தொட்டி நிரம்பியதும் மிதவை அறிவிக்க, மோட்டார் நிற்கும். பெட்டியே பழுதுறினும் மோட்டார் நிற்குமாறே இணைப்பு அமைந்துளது.

யாம் பெரிதாய்க் கருதுவது மற்றொன்று. எம் பாட்டியார் விடியற்குமுன் கொல்லைக்கதவைத் திறந்து விறகெடுக்கச் செல்வார். காட்டுமாடு முற்றத்தில் மேய்வது அம்மலையில் புதிதன்று. பனிமூட்டத்தில் பத்தடிக்கப்பால் நிற்பதும் தெரியாது. அதனால் முட்டுண்டோர் பலர். ஆதலின் கொல்லையில் உடற்சூடு உணரும் சென்சார் ஒன்றை வைத்தோம். ஏதேனும் நடமாடினால் தனிப் பேட்டரியில் எரியும் விளக்கொன்று முற்றத்தில் ஒளிரும். அடுக்களையில் மெல்லிய ஓசை ஒருமுறை எழும். பாட்டியார் சாளரத்தின் வழியே நோக்கிய பின்னரே தாழ் நீக்குவார்.

இச்சென்சாரும் பிழைசெய்யும். நாயைக் கண்டும் விளக்கேற்றும். அடர்ந்த மூட்டத்தில் மாட்டையே காணாதும் விடும். எனின் முன்னைக்கும் இன்றைக்கும் வேறுபாடு யாதோ? வேறுபாடு பிழையின் விலையில் உளது. நாய்க்காக விளக்கு ஒருமுறை எரிந்தால் இழப்பு ஒன்றுமில்லை. நாய்க்காக மணி ஊரை எழுப்பினால் அயலாரின் நம்பிக்கையை இழக்கின்றோம்; அதனை எக்கடையிலும் வாங்கவியலாது. ஐயத்திற்கிடமான கருவி ஊழியஞ்செய்யத் தகும், சான்றுரைக்கத் தகாது.

ஆதலின் இம்முறையை மேற்கொள்வோர் மூன்று விதிகளை மறத்தலாகாது. முதலாவது, 'இங்கு அலாரக் காவல் உண்டு' என்னும் பலகையைக் கழற்றிவிடுக. இல்லாத காவலை உண்டென நம்பிப் பூட்டை மறப்பவர் வீட்டாரே. இரண்டாவது, புகையை உணரும் கருவிகளின் குரலை அடக்கற்க. அவை பெட்டியோடு சேரினும் தம் சொந்த ஒலியோடே இருத்தல் வேண்டும். மூன்றாவது, விளக்கு எரியாமையை அபாயமின்மை என்று கொள்ளற்க.

இம்மூன்றாம் விதியை எம் பாட்டியார்க்கு எவரும் கற்பிக்கவில்லை. சென்ற விடுமுறையில் ஒருநாள் விடியலில் விளக்கு எரியவில்லை, ஓசையும் எழவில்லை. ஆயினும் அவர் சாளரத்தருகே நெடுநேரம் நின்று நோக்கினார். "பெட்டிதான் ஒன்றும் சொல்லவில்லையே, பாட்டி" என்றோம். "அது சொன்னால் பார்ப்பேன், சொல்லாவிட்டாலும் பார்ப்பேன்" என்று கூறிவிட்டு, முற்றம் வெறுமையாயிருத்தலைக் கண்ட பின்னரே தாழ் நீக்கினார்.