'எம்டன் குண்டு'ன்னு சொல்லி 18,000 ரூபாய் கேட்டா, வாங்கலாமா?

"அவன் சரியான எம்டன்டா!" ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் வளர்ந்தவங்க இதைக் கேட்காம இருந்திருக்க முடியாது. எம்டன் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ் துறைமுகத்துக்கு எதிரே வந்து சுமார் 130 குண்டுகளைச் சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியோட எண்ணெய்த் தொட்டிகள் பத்தி எரிஞ்சது.

இப்போ ஒரு கணக்கு. நீங்க எண்ணூர்ல வேலை பாக்குறீங்க, கைக்கு வர்றது மாசம் 28,000 ரூபாய்னு வச்சுக்குவோம். ஒருத்தர் ஒரு பித்தளைப் பூ ஜாடியும் நாலு ஈயச் சதுரங்கக் காயும் காட்டுறார். "எம்டன் குண்டுல சிப்பாய் கையால செஞ்சது. 18,000. அஞ்சு வருஷத்துல டபுள்!" என்ன செய்வீங்க?

இது என்ன பொருள்?

இதுக்குப் பேரு 'டிரெஞ்ச் ஆர்ட்'. 1861-65 அமெரிக்க உள்நாட்டுப் போர்ல, சண்டை இல்லாத நேரத்துல சிப்பாய்கள் ஈயத் தோட்டாவைக் கத்தியால செதுக்கி சதுரங்கக் காய், பகடை, தூண்டில் குண்டு எல்லாம் செஞ்சாங்க. முதல் உலகப் போர்ல பீரங்கிக் குண்டோட பித்தளை உறை பூ ஜாடியாச்சு. போர் முடிஞ்சதும், பார்க்க வந்தவங்களுக்கு விக்கறதுக்காகவே நிறைய செஞ்சாங்க.

விலை எதுக்கு?

ஒரு தோட்டால இருக்கிற ஈயம் பத்து ரூபாய்கூட தேறாது. மீதி காசெல்லாம் கதைக்குத்தான். அதனால கதைக்கு ஆதாரம் இல்லன்னா, நீங்க வாங்கினது பத்து ரூபாய் ஈயம்.

நம்ம ஜாடியையே எடுத்துக்கோங்க. பீரங்கி சுட்டதும் பித்தளை உறை கப்பல்லயே தங்கிடும். மெட்ராஸ்ல வந்து விழுந்தது இரும்புக் குண்டு. அப்போ "ராயபுரத்துல விழுந்த பித்தளை உறை"ங்கிற கதை அங்கயே உடையுது! ஈயக் காயும் அப்படித்தான். ஈயம் மெத்து, இன்னைக்குக்கூட செதுக்கலாம். வினிகர் பட்டா வெள்ளை பூத்து பழசு மாதிரி ஆயிடும்.

ஆதாரம்னா எப்படி இருக்கணும்? 1914 நவம்பர் 9 அன்னைக்கு ஆஸ்திரேலியாவோட 'சிட்னி' கப்பல் எம்டனை வீழ்த்துச்சு. எம்டன்ல கிடைச்ச மெக்சிகோ வெள்ளி நாணயங்கள்ல சுமார் ஆயிரத்தை நினைவுப் பதக்கமாக்கினாங்க. ரெண்டு கப்பல் பேரும் தேதியும் அதிலேயே பொறிச்சிருக்கு. எத்தனை செஞ்சாங்க, யாருக்குக் கொடுத்தாங்கன்னு பதிவும் இருக்கு.

வாங்குறதுக்கு முன்னாடி பாருங்க

1. வெடிக்காத தோட்டாவா? தொடவே தொடாதீங்க. லைசென்ஸ் இல்லாம வச்சிருந்தா 1959 ஆயுதச் சட்டப்படி கேஸ். காலி உறையைக்கூட ஏர்போர்ட் பைல போட்டு எடுத்துட்டுப் போகாதீங்க.

2. 100 வருஷம் தாண்டின சரித்திரப் பொருள், 1972 தொல்பொருள் சட்டத்துக்குள்ள வரும். அதைத் தொழிலா விக்கறவருக்கு லைசென்ஸ் வேணும், கேளுங்க. தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அதனால வெளிநாட்டு வெப்சைட்ல பார்க்கிற டாலர் விலை உங்க விலை இல்ல.

3. கலைப்பொருள், தொல்பொருள் சேகரிப்பு வித்த லாபத்துக்கு வரி உண்டு. 24 மாசத்துக்கு மேல வச்சிருந்து வித்தா 12.5%. பில் இல்லன்னா வாங்கின விலையை எப்படிக் காட்டுவீங்க?

4. ஈயம் விஷம். தொட்டா கையைக் கழுவுங்க, குழந்தைகள் கைல கொடுக்காதீங்க.

சரி, காசு?

பிடிச்சிருந்தா வாங்குங்க, ஆனா அது முதலீடு இல்ல, செலவு. சினிமா, ஹோட்டலுக்கு ஒதுக்குற பணத்துல இருந்து மட்டும் எடுங்க. கிரெடிட் கார்டுல வாங்கி பாக்கி வச்சா மாசா மாசம் வட்டி ஓடும், ஜாடி விலை ஓடாது. அதே 18,000 ரூபாயை மாசம் 1,500-ன்னு ஒரு வருஷம் ஆர்.டி.ல போட்டா, நாளைக்கு வேலை போனாலும் கொஞ்ச நாள் தாங்கும்.

எம்டனைப் பார்க்கணும்னு ஆசையா? ஹைகோர்ட் கிழக்குப் பக்கச் சுவர்ல, குண்டு விழுந்த இடத்துல நினைவுக் கல் இருக்கு. ஒரு ஞாயித்துக்கிழமை பஸ் ஏறிப் போய்ப் பாருங்க, டிக்கெட் காசு மட்டும்தான் செலவு.

உங்ககிட்ட யாராவது இப்படி 'பழைய பொருள்' விக்க வந்திருக்காங்களா? கமெண்ட்ல சொல்லுங்க, அடுத்த வீடியோல பேசுவோம்!