மூலிகைச் சாறும் நெல்லின் கருகல் நோயும்

வேம்பு, பூண்டு முதலியவற்றின் சாறு கிருமிகளை ஒழிக்குமென்று நமது குடியானவர்கள் நெடுங்காலமாக நம்பி வருகின்றனர். அந்நம்பிக்கையைத் தள்ளவும் வேண்டாம். பரீட்சியாமல் கொள்ளவும் வேண்டாம். நெல்லின் பாக்டீரியா இலைக்கருகல் நோயை உதாரணமாகக் கொண்டு அப்பரீட்சையின் முறையை இங்கு விவரிப்போம்.

இந்நோய் 1884-இல் ஜப்பானின் புகுவோகா பகுதியில் முதன்முதல் கவனிக்கப்பட்டது. 1963-இல் பீகாரில் பெருவாரியாகப் பரவிற்று. இலையின் நுனியிலும் ஓரத்திலும் தொடங்கி, நெளிந்த மஞ்சள் கோடாக இறங்கி, வைக்கோல் நிறமாகக் காயும். ஐயமிருப்பின், பசுமையும் கருகலும் கூடுமிடத்தில் இலையை நறுக்கித் தெளிந்த நீரில் இடுக. வெட்டுவாயினின்று பால்போன்ற கலங்கல் கசியுமாயின் பாக்டீரியாவே காரணமாம்.

சோதனைச்சாலையில், கிருமியைத் தடவிய அகர்த் தட்டின்மீது சாற்றில் நனைத்த சிறு காகித வில்லையை வைப்பர். சாற்றிற்கு வலிமையிருப்பின் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத தெளிவளையம் தோன்றும். சாற்றை இறக்க உதவிய நீரிலோ சாராயத்திலோ மட்டும் நனைத்த வேறொரு வில்லையும் உடனிருத்தல் வேண்டும். இன்றேல், கிருமியைத் தடுத்தது சாறோ சாராயமோ என்று அறிதற்கில்லை.

எனினும் தட்டில் வென்ற சாறு வயலிலும் வெல்லுமென்பது நிச்சயமன்று. பூண்டை நசுக்குங்கால் உண்டாகும் அல்லிசின் விரைவில் சிதையும். வேம்பின் சத்தை வெயில் கெடுக்கும். கிருமியோ இலையின் நீர்க்குழாய்களுள் தங்குவதால் மேலே தெளித்தது அதனை எட்டுதல் அரிது.

சில ஆண்டுகட்கு முன் ஒரு கிராமத்தில் வயல் முழுவதும் வேப்பங்கொட்டைக் கரைசலைத் தெளிப்பித்தேன். நோய் நின்றது, ஊரார் மகிழ்ந்தனர். அதே வாரத்தில் மழையும் ஓய்ந்திருந்தது. நோயை நிறுத்தியது கரைசலா, வெயிலா? தெளியாத பாத்தி ஒன்றேனும் விடாமையால் விடை கூற இயலவில்லை. மறுவருஷம் அடைமழையில் அக்கரைசலையே நம்பியிருந்த ஒரு குடியானவர் பாதி மகசூலை இழந்தார். அத்தவறு என்னுடையதே.

ஆகையால் பரீட்சிப்போர் ஒரே வயலில், ஒரே ரகத்தில், ஒரே எருவிட்டு, மூன்று பாத்திகளை வரப்பிட்டுப் பிரித்துக்கொள்க. 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து, இரவு முழுதும் நீரில் ஊறவைத்து, வடிகட்டி, சிறிது சோப்புக் கரைத்து, 100 லிட்டராக்கி மாலையில் ஒரு பாத்தியில் தெளிக்க. இரண்டாவதில் சோப்பு நீர் மட்டும் தெளிக்க. மூன்றாவதைத் தொடாது விடுக. இவ்வாறே வேறு இரண்டு இடங்களிலும் செய்து, பாத்திக்கு 25 குத்துகளில் கருகிய இலைகளை எண்ணிக் குறித்து வருக.

பரீட்சை முடியுமளவும் நிச்சயமான காப்புகளைக் கைவிடலாகாது. நடவின்போது நாற்றின் நுனியைக் கிள்ளற்க. அக்காயத்தின் வழியே கிருமி நுழையும். தழைச்சத்தை மிகுதியாக இடாமல் பகுத்து இடுக. மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி போன்ற எதிர்ப்பு ரகங்களை நடுக. நோயுற்ற வயலின் நீர் அடுத்த வயலுக்குப் பாயாதபடி கிராம அதிகாரிகள் கவனித்தல் நலம்.

தெளித்த பாத்தி நமக்கு நம்பிக்கை அளிக்கும். தெளியாது விட்ட பாத்தியே உண்மை கூறும்.