எந்த ஊரில் எத்தனை மணி நேரம்?

தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம், திருவாரூர், கீழ்வேளூர் வழியாக நாகப்பட்டினம் போகும் சாலையில் ஏற்றம் என்று சொல்ல ஆற்றுப் பாலங்களும் ரயில்வே மேம்பாலங்களும்தான் உண்டு. தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 80 கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் கடலே வந்துவிடும். கிலோமீட்டருக்கு முக்கால் மீட்டர் அளவுக்குத்தான் தரை சரிகிறது.

இந்தச் சாலையில் மிதித்துப் பழகிய ஒருவர், கோவாவில் 2019 முதல் நடக்கும் அயர்ன்மேன் 70.3 போட்டியில் கலந்துகொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடலில் 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். ஏழு மணி நேரத்தில் முடிக்கிறார். அவருடைய சிநேகிதர் ஐரோப்பாவில் ஏதோ ஓர் ஊரில் அதே தூரத்தை ஆறரை மணி நேரத்தில் முடித்திருக்கிறார். இருவரில் யார் கெட்டிக்காரர்? இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது.

உலகின் முன்னணி வீரர்களின் நேரங்களே இதற்குச் சாட்சி. முழு அயர்ன்மேன் என்பது 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். 2022இல் ஹவாயின் கோனாவில் நடந்த உலகப் போட்டியை நார்வேயின் குஸ்தாவ் ஈடன் 7 மணி 40 நிமிடங்களில் வென்றார். மறு ஆண்டு ஆண்களுக்கான உலகப் போட்டி பிரான்ஸின் நீஸ் நகரத்துக்குப் போனது. அங்கே வென்ற சாம் லெய்ட்லோவுக்கு 8 மணி 6 நிமிடங்கள் ஆயின. ஆட்கள் ஒன்றும் ஓர் ஆண்டுக்குள் தளர்ந்துவிடவில்லை. நீஸின் சைக்கிள் பாதை ஆல்ப்ஸ் அடிவார மலைகளில் மொத்தம் 2,000 மீட்டருக்கும் மேல் ஏறுகிறது, அவ்வளவுதான்.

மலை ஏன் இத்தனை நேரத்தை விழுங்குகிறது? ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்றால், அந்த எடையை 1,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்க மட்டுமே, 200 வாட் சக்தியில் மிதிப்பவருக்கு ஏறக்குறைய 70 நிமிடங்கள் தேவை. இறங்கும்போது அதில் ஒரு பகுதிதான் திரும்பக் கிடைக்கும். வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு அதைவிட வேகமாகக் கூடி, மீதியைத் தின்றுவிடுகிறது.

சமதரையும் அவ்வளவு சாது அல்ல. காற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 90 கிலோமீட்டரை மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போனால் மூன்று மணி நேரம். போகும்போது எதிர்காற்றில் வேகம் 24 ஆகக் குறைந்து, திரும்பும்போது 36 ஆக ஏறினால், இழந்த ஆறும் பெற்ற ஆறும் சரிக்குச் சரி என்று தோன்றும். கணக்குப் போட்டால் ஏழரை நிமிடம் கூடுதலாகவே ஆகிறது, ஏனென்றால் மெதுவாகப் போகும் பாதியில்தான் அதிக நேரம் கழிகிறது. ஆடி மாதத்தில் மேல்காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு தஞ்சாவூரிலிருந்து நாகைக்கு ஒரு வழி மட்டும் மிதிப்பவருக்கோ, அவரே நம்ப முடியாத நேரம் கிடைக்கும்.

மாரத்தானில் இதற்கென்று விதி இருக்கிறது. சாதனையாக ஏற்க வேண்டுமானால் பாதை கிலோமீட்டருக்கு ஒரு மீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நேர்க்கோட்டில் உள்ள தூரம் பந்தயத் தூரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 2011இல் பாஸ்டனில் ஜெஃப்ரி முட்டாய் 2:03:02இல் ஓடியது அன்றைய உலகச் சாதனையைவிட வேகமானது. ஆனாலும் அது சாதனைப் பட்டியலில் ஏறவில்லை. நாகைச் சாலை சரிவு விதியில் தேறிவிடும், இரண்டாவது விதியில் தோற்கும்.

நேரத்தை எல்லாவற்றையும் விட அதிகமாகக் குழப்புவது தண்ணீர்தான். 2021இல் மெக்சிகோவின் கோசுமெல் தீவில் கிறிஸ்டியன் ப்ளும்மன்ஃபெல்ட் 7 மணி 21 நிமிடங்களில் அயர்ன்மேனை முடித்தபோது, 3.8 கி.மீ. நீச்சலுக்கு அவர் எடுத்துக்கொண்டது 40 நிமிடத்துக்கும் குறைவு. கடல் நீரோட்டம் அவரைத் தள்ளிக்கொண்டு போனது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இதற்கு நேர்மாறு. சென் நதியில் எதிர்நீச்சல் போட வேண்டிய பகுதியில் உலகின் தலைசிறந்த நீச்சல்காரர்களே திணறினார்கள்.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதைப் புது ஆற்றை, அதாவது கல்லணைக் கால்வாயை, வைத்தே சொல்லலாம். இழுப்பு உள்ள ஆறு அது. இறங்கிப் பார்க்க வேண்டாம், கணக்கே போதும். அசையாத நீரில் விநாடிக்கு ஒரு மீட்டர் நீந்துபவருக்கு 1.9 கி.மீ. கடக்க 31 நிமிடம் 40 விநாடி ஆகும். தண்ணீர் விநாடிக்கு அரை மீட்டர் ஓடினால், ஓட்டத்தோடு போகையில் 21 நிமிடம் போதும். பாதித் தூரம் போய்த் திரும்பச் சொன்னால் 42 நிமிடம் ஆகிவிடும். கைவீச்சில் மாற்றமே இல்லை.

வெப்பத்தை நிமிடங்களாக மாற்ற இப்படி ஒரு சூத்திரம் கிடையாது. தண்ணீர் குளிர்ந்திருந்தால் மிதக்க உதவும் ரப்பர் உடையான வெட்சூட்டுக்கு அனுமதி உண்டு. அயர்ன்மேன் போட்டிகளில் பொதுப் பிரிவினருக்கு அந்த வரம்பு 24.5 டிகிரி. கோவாக் கடல் அதைவிடச் சூடு. அதற்குப் பிறகு வருகிற ஓட்டத்தில், வியர்வை உலராத ஈரக்காற்றில், உடம்பு தன்னைக் குளிர்விக்கவே பாதிச் சக்தியைச் செலவழிப்பதுபோல் கால்கள் கனத்துவிடும்.

பிறகு எப்படித்தான் ஒப்பிடுவது? முதல் வழி, நேரத்தை விட்டுவிட்டு இடத்தைப் பார்ப்பது: ஆயிரம் பேரில் இருநூறாவதாக வந்தாரா, அறுநூறாவதாகவா? ஆனால் வருகிறவர்கள் யார் என்பதும் முக்கியம். கோனாவுக்குப் பெரும்பாலும் தகுதி பெற்றவர்கள்தான் வருகிறார்கள். அங்கே அறுநூறாவது இடம் லேசானதல்ல. இதைவிட நம்பகமான வழி, இரண்டு பாதைகளிலும் பங்கேற்ற அதே ஆட்களைத் தேடி எடுத்து, அவர்களுடைய நேர வித்தியாசத்தின் சராசரியைப் பார்ப்பது. அதிலும் அன்றைய வானிலை குறுக்கிடும்.

அதனால் நேரப் பட்டியலோடு மொத்த ஏற்றம், காற்றின் திசை, நீரின் வெப்பம் ஆகியவற்றையும் போட்டி நடத்துபவர்கள் வெளியிட்டால் நல்லது. டெல்டாவில் யாராவது ஒருநாள் இப்படியொரு பந்தயம் நடத்தினால், அன்று கல்லணையில் எத்தனை கன அடி திறந்துவிட்டார்கள் என்பதையும் அதே தாளில் அச்சிட வேண்டும்.