கணவாய்க்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று

நீலகிரிச் சோலைக்கிளி, வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி ஆகிய இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பாட்டுப் பறவைகள். பெயரில்தான் கிளி, குடும்பம் ஈப்பிடிப்பான். முன்னது உதகை, கோத்தகிரி தொடங்கி வடக்கே கர்நாடக மலைகள் வரை காணப்படுகிறது. பின்னது ஆனைமலை, பழனி மலை, மூணாறு பக்கம். நடுவில் கிடப்பது பாலக்காட்டுக் கணவாய்.

அந்தக் கணவாயின் அகலம் 30 முதல் 40 கிலோமீட்டர். கொங்கு நாட்டாருக்கு அது ஆடிக்காற்று வரும் வழி. பறக்கும் உயிருக்கு அது பெரிய தூரமல்ல. ஆனால் இப்பறவைகளுக்கு அது கடக்க முடியாத வெளி. பெரும்பாலும் 1,200 மீட்டருக்கு மேல், மலை மடிப்புகளில் ஈரம் காயாத சோலைக்காட்டின் அடிப்புதரை விட்டு இவை வெளியே வருவது அரிது. நீண்ட கால்களால் சருகுமேல் தத்தித் தத்திப் பூச்சி பொறுக்கும். மரப்பொந்திலோ மண்சரிவின் துளையிலோ பாசியால் கூடமைத்து, வழக்கமாக இரண்டு முட்டை இடும். சூடான சமவெளியைத் தாண்டாமலே பல லட்சம் ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்ததில் இரண்டும் வெவ்வேறு இனங்களாகிவிட்டன.

இரண்டுக்கும் நீளம் சுமார் 15 செ.மீ.; தலையும் முதுகும் கருநீலம். அடையாளம் விலாவில் இருக்கிறது. நீலகிரிப் பறவைக்கு அங்கே செம்பழுப்பு. தெற்கத்தியதற்கு நீலச்சாம்பல், நடுவயிறு மட்டும் வெள்ளை. ஆணும் பெண்ணும் ஒரே தோற்றம்.

வகைப்பாட்டாளர்களை இவை நெடுங்காலம் அலைக்கழித்தன. ஜெர்டனும் பிளான்ஃபோர்டும் 19ஆம் நூற்றாண்டில் விவரித்த இப்பறவைகள் பல பேரினங்களுக்கு மாற்றப்பட்டன. மரபணு ஆய்வுக்குப் பிறகு, 2017இல் வி. வி. ராபின் குழுவினர் 'சோலிகோலா' என்ற தனிப் பேரினத்தை உருவாக்கினர். அதற்கு முந்தைய ஆண்டு வந்த ஆய்வு இன்னும் சுவையானது: தெற்கத்திய இனத்தில், பழைய பள்ளத்தாக்குகளால் பிரிந்த கூட்டங்களின் பாட்டு மட்டுமல்ல, அண்மையில் காடழிப்பால் பிரிந்த கூட்டங்களின் பாட்டும் வேறுபடத் தொடங்கியிருந்தது.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் நீலகிரி இனம் 'அருகிய இனம்'. மற்றது அதற்கு ஒரு படி கீழே, 'அழிவாய்ப்புள்ள இனம்'. தேயிலை, தைலமரம், ஆஸ்திரேலியச் சீகை மரம் ஆகியவை சோலைகளைத் துண்டாடியதே இரண்டுக்கும் பொதுவான ஆபத்து. நீலகிரி இனம் மறைந்தால் கொடைக்கானலில் இருந்து கொண்டுவந்து விட்டு ஈடுசெய்ய முடியாது. அது வேறு பறவை.